முந்நூற்றுப் பத்தாவது காலடி

சிதம்பரம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள வியாகுலமேரி அக்காவுக்கு,

இல்லை, மேடேறி ஓடும்போது இடுப்பை வளைக்கவில்லை. நீ எழுதியபடி கணுக்காலிலிருந்தே சாய்கிறேன். எட்டி வைப்பதில்லை, குட்டைக் காலடிகள். பார்வை கொஞ்ச தூரம் முன்னால், அவ்வளவுதான். உச்சியைப் பார்த்தால் தொடை கனத்துவிடுகிறது.

உன் கடிதம் புதன்கிழமை விடுதிக்கு வந்தது. உங்கள் மடத்தில் போன் கிடையாது என்பதால் உன் கையெழுத்தாவது கிடைக்கிறது. என் கடிதங்களை மதர் படித்த பிறகே உன்னிடம் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறாய். மதருக்கு என் வணக்கம். ஓட்டம் பற்றியே எழுதுகிறேன்.

ஒரு தவறு செய்துவிட்டேன். சிதம்பரத்தில் மேடு ஏது? மூன்று மாதமாக ரயில்வே மேம்பாலத்தில்தான் பயிற்சி. காலை ஐந்தரைக்கு, பால் வண்டிகளுக்கு நடுவே. கீழிருந்து உச்சிவரை முந்நூற்றுப் பத்து காலடி. எண்ணி எண்ணியே ஏறினேன்.

போன ஞாயிறு கடலூரில் நம் வீட்டுக்குப் போனேன். பூசைக்கு முன்னால் கேப்பர் மலை ரோட்டில் ஓட்டம். உனக்குப் பயிற்சி கொடுத்த சின்னையன் சார்தான் கூட வந்தார். முந்நூற்றுப் பத்தாவது காலடியில் கால் தானாகத் தளர்ந்தது. இறக்கத்தைத் தேடியது. ரோடு ஏறிக்கொண்டே இருந்தது.

நின்றுவிட்டேன்.

சார் சிரித்தார். பாலம் ஏறக் கத்துக்கிட்ட, மலை ஏற இன்னும் கத்துக்கல என்றார். ஒன்னு ரெண்டு எண்ணறத மொதல்ல நிறுத்து புள்ள என்றார். இப்போது காலடியை எண்ணுவதில்லை. கடிகாரம் பையில். மூச்சு விடுகிற வேகம்தான் என் வேகம். அதே மேம்பாலத்தில் ஓடி ஏறுகிறேன், நடந்து இறங்குகிறேன், எட்டு முறை.

நின்ற இடத்தில் உன் பத்து நாள் முகாம் ஞாபகம் வந்தது. மடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரப் போனாய். சிரித்துக்கொண்டு திரும்பினாய். பத்து நாள்தான் அது.

இதை இங்கே நிறுத்துகிறேன்.

அம்மா உன் துறவற வார்த்தைப்பாட்டுச் சடங்குக்கு வேன் பேசிவிட்டாள். இருபத்தொரு பேர். தேவசகாயம் மாமா புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். அதுக்கு எட்டு நாள் முந்தி நீ மட்டும் எதுக்குடி அந்த மலைக்கு ஓடிப் போற, வேன்ல எங்களோட வந்தா ஆவாதா என்கிறாள் அம்மா.

உன் கடிதத்தில் நான்கு பக்கம் எனக்கான பயிற்சி. கடைசியில் ஒரு வரி: இங்கே மேலே மூச்சு போதவில்லை. அந்த வரியை வகுப்பில் படித்தேன். பேருந்தில் படித்தேன். ஏற்காட்டுக் குளிரா அக்கா? உயரமா? நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. மாவட்டத்துக்காக ஓடியவள் நீ. உயரம் பழகியிருக்குமே.

ஏற்காடு மலையோட்டப் போட்டி பதினெட்டாம் தேதி. கடைசி வளைவு தாண்டியதும் உங்கள் மடத்து வாசல் வழியாகத்தான் பாதை. ஏழரைக்கு மேல் வருவேன். வாசலில் நில். பதக்கம் யாருக்கோ போகட்டும்.

நீ போட்டு ஓடிய நீல ஷூ என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கொண்டுவரவா? வேண்டும், வேண்டாம், ஒரு சொல் எழுது. எதுவானாலும் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாதா உன் கூடவே இருக்கட்டும். பாதி ஏற்றத்தில் நிற்கலாம் அக்கா. நான் நின்றேனே.

உன் தங்கை,
ஆரோக்கிய ஜெனிபர்

பி.கு.: ஷூவைத் துவைத்து விடுதி மொட்டைமாடியில் காயப்போட்டேன். இனி இந்த உறையை ஒட்டுகிறேன்.