தள்ளிப்போட்டவனுக்கு ஒரு பக்கம்

உன் நினைவு மலரின் மாதிரித் தாள்கள் இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தன. மை இன்னும் மணக்கிறது. எல்லோரும் உன்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கத்தின் தலையில் மட்டும் என் பெயர் இருக்கிறது, கீழே ஒன்றுமில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மலர் வந்துவிட வேண்டும். இன்று பின்னேரத்துக்குள் நான் எழுதிக் கொடுக்காவிட்டால் வராது. தாள்களைக் கொண்டுவந்த அச்சகக்காரர் வாசல் படலையில் நின்று, "எல்லாரும் தந்திட்டாங்க சேர். நீங்கதான் பாக்கி. உங்களுக்கு இது பழக்கமில்லையே" என்றார்.

பழக்கமில்லைதான். தாமதம் உன் துறை. நான் அதில் கைவைத்ததே இல்லை.

கல்லடியில் ஒரே டியூஷன் கொட்டிலில் நாம் இருவரும் ஆங்கிலம் படிப்பித்தோம். நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு மறைப்பு. நான் மணிக்குத் தொடங்கி மணிக்கு முடிப்பேன். நீ எப்போது வருவாய் என்பது உனக்கே தெரியாது. ஒருநாள் காய்ச்சலோடு நான் சற்றுப் பிந்திப் போனபோது என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். உன் பிள்ளைகளோ எந்த நாளும், தேர் வரக் காத்திருப்பவர்களைப் போல, சந்தோசமாகக் காத்திருந்தார்கள். நேரத்துக்கு வருகிறவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை என்ற அநியாயத்தை நான் அங்கேதான் கற்றேன்.

'புட் ஓஃப்' (put off) என்ற ஆங்கில வினைச்சொல்லை நீ படிப்பித்த நாள் நினைவிருக்கிறதா? நான் அதைப் போன வாரமே முடித்திருந்தேன். 'ஒத்திவைத்தல்' என்று பலகையில் எழுதி, கீழே கோடு போட்டு, அடுத்த சொல்லுக்குப் போயிருந்தேன். நீ அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாய். கிடுகு வழியாக எல்லாம் கேட்டது.

"பஸ்ஸில இருந்து உங்கள பாலத்தடியில இறக்கி விட்டாலும் அந்தச் சொல்தான், மனே."

"சாப்பாட்டப் பாத்ததும் வயித்தக் குமட்டினா, சேர்?"

"அதுக்கும் அதுதான்."

"கடன் கேக்க வந்தவர ஒரு சாட்டுச் சொல்லி அனுப்பினா?"

"அதும் அதுதான். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வீட்டுக்கு வந்து கோட்டக் கழட்டினாலும் இதைத்தான் சொன்னான்."

"அப்ப எங்கட அம்மா மாதிரி, சேர். எல்லா வேலைக்கும் ஒராள்."

சிரிப்பில் மறைப்பு ஆடியது. என் பக்கத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு நீ உன் வகுப்பை வாவிக்கரைக்கு அழைத்துப் போனாய். என் வகுப்பும் எழுந்து பின்னால் போய்விட்டது. பிள்ளைகள் எழுந்துபோன வெறும் வாங்குகளுக்கு நான் என்ன படிப்பிப்பது? நானும் வந்தேன்.

கரையில் ஒருவர் தோணியைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க."

"என்னத்துக்கு சேர்?"

"பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்க."

"நான் படிச்சுப் பாஸாகிப் போக, மீன் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவர் கம்பை ஊன்றி ஒரே தள்ளாகத் தள்ளினார். தோணி போய்விட்டது.

நீ கையைத் தட்டினாய். "இப்ப அவர் செய்தாரே, அதுக்கும் இந்தச் சொல்தான். ஆதியில 'புட்' எண்டா வைக்கிறது இல்ல, தள்ளுறது. கரைய விட்டுத் தள்ளுறது, உடுப்பத் தள்ளுறது, ஆளத் தள்ளுறது. நாளத் தள்ளினாங்க, அது தாமதமாச்சு. நாம மட்டும் என்னவாம்? 'தள்ளிப் போடுறம்' எண்டுதானே சொல்லுறம். அவனும் நாமளும் ஒரே மாதிரித்தான் தள்ளியிரிக்கம்."

வீட்டுக்குப் போனதும் தடித்த அகராதியைப் புரட்டினேன். நீ சொன்னது சரியாக இருந்தது. பிழையாக இருந்திருந்தால் உன்னை இன்னும் கொஞ்சம் கூடுதலாக விரும்பியிருப்பேன். அந்த அகராதி என்னுடையது. உன்னிடம் ஒன்று இருந்ததே இல்லை.

நெஞ்சு நோகிறது என்று பாலத்தில் நின்று நீ சொன்னபோது, டாக்குத்தரிடம் போகச் சொன்னேன். "பிள்ளைகளின்ட சோதின முடியட்டும் மச்சான், போவம்" என்றாய். பரீட்சை முடியவில்லை, அதற்குள் நீ போய்விட்டாய். எல்லாவற்றையும் தள்ளிப்போட்ட மனிதன் இதை மட்டும் தள்ளிப்போடவில்லையே என்று உன் செத்த வீட்டில் ஒருவர் சொன்னார், எல்லோரும் அழுதார்கள். அந்த வசனம் எனக்கு முதலிலேயே தோன்றியிருந்தது. சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முந்திவிட்டார்.

அச்சகக்காரர் போன பிறகு உன் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணன், எழுதிட்டீங்களா?"

"எழுதுறன் தங்கச்சி."

"அவசரமில்ல எண்டு சொல்ல ஆசதான். ஆனா நேரமில்ல." பிறகு சொன்னார்: "அவருக்கு உங்களில பெரிய பொறாம அண்ணன். 'அவன் ஒரு வேலையத் தொட்டா முடிஞ்சுது. நான் தொட்டா அது கிடந்து பழசாப் போகுது' எண்டு சொல்லிச் சொல்லி இரிப்பார்."

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். பொறாமை ஒன்றுதான் முழுக்க முழுக்க என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதிலும் நீ பங்கெடுத்திருக்கிறாய். அதுவும் என்னைவிட நன்றாக: வீட்டில் வாய்விட்டுச் சொல்லி, சிரித்து, அதற்கும் நல்ல பெயர் வாங்கியிருக்கிறாய். நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, இப்போது அச்சில் சொல்கிறேன்.

இதோ, பக்கம் நிரம்பிவிட்டது. இனி நடந்துபோய் அச்சகத்தில் கொடுக்க வேண்டியதுதான். உன் பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு, "சேர் இருந்திருந்தா இன்னும் நல்லா எழுதியிருப்பார்" என்பார்கள். ஓம், எழுதியிருப்பாய். ஆனால் இன்னும் தொடங்கியிருக்க மாட்டாய். அவர்கள் காத்திருப்பார்கள்.

போகும் வழியில் வாவியில் யாராவது தோணியைத் தள்ளிக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் உன் குரலில்தான் வருகிறது. அகராதியை எத்தனை முறை திறந்தாலும் குரல் மாறவில்லை. இன்றும் வரும். நின்று, அந்தத் தோணி மறையும் வரை பார்த்துவிட்டு, அச்சகத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போவேன்.