பன்னிரண்டு வளைய ரொட்டிகள்

பாதுவா, இத்தாலி
நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த தோம்னிக்கா அக்காவுக்கு,

தங்கை அக்சேனியா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா, உறைபனி விழுவதற்குள் திராட்சைக் கொடிகளுக்கு மண் அணைத்து முடித்தாயா என்று கேட்கத்தான் ஃபோன் போட்டேன். சனிக்கிழமையிலிருந்து பதினான்கு முறை போட்டுவிட்டேன். நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் போட்டேன். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

ஊருக்கு ஆளும் பொட்டலமும் ஏற்றிப்போகிற க்ரீஷாவின் வேன் வியாழக்கிழமை புறப்படுகிறது. பொட்டலத்தோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை காலை உன் வாசலில் ஹாரன் அடிப்பான். அவனிடம் கோபத்தைக் காட்டாதே, அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் வரவில்லை. போன வாரம் காலை வாரிவிட்ட இதே விமானக் கம்பெனிதான் அன்றும், வாலில் மஞ்சள் பூசிய இதே விமானம்தான். நாளைக்குப் போகும் என்றார்கள். நாளைக்குள் அம்மா மண்ணுக்குள் போய்விட்டாள். அப்போது நீ ஃபோனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "புதைக்கிறப்ப வரல, சரி. நாப்பதாம் நாள் பூசைக்கும் வரலேன்னா எனக்குத் தங்கச்சியே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன்" என்றாய். அதன்பிறகும் அதே கம்பெனியில் ஏன் டிக்கெட் எடுத்தாய் என்று கேட்பாய். நான் பார்த்துக்கொள்கிற ஸின்யோரா ப்ரூனாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. அவரை மூன்று நாளுக்கு மேல் பார்த்துக்கொள்ள அவர் மகளால் முடியாது. வியாழன் போய் ஞாயிறு திரும்ப அந்த ஒரு விமானம்தான் இருந்தது.

புதன்கிழமை நாள் முழுதும் மாவு பிசைந்தேன். பன்னிரண்டு கொலாச் ரொட்டி சுட்டேன், அம்மா செய்கிற மாதிரியே மூன்று புரி பின்னி வளையமாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெழுகுவர்த்தி. ஸின்யோரா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி "கல்யாணமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். செத்துப்போனவர்களைப் பற்றி அவரிடம் பேசினால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். பூசையில் கொடுக்க வேண்டிய துண்டுகளையும் உன் முட்டிக்கு வாங்கிய தைலத்தையும் பெட்டியில் வைத்தேன், ரொட்டிகளைக் கைப்பையில் வைத்தேன். சோதனை செய்கிற இடத்தில் ஒருவன் பையைத் திறந்து பார்த்துவிட்டு "என்னம்மா, மேல போய்க் கடை போடப் போறீங்களா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மூன்று நாளில் நான் சிரித்தது அவ்வளவுதான்.

வியாழன் மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிஷினாவுக்கு விமானம். ஒரு மணிக்கு, இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் போட்டார்கள். மூன்று மணிக்கு மறுபடியும் இரண்டு மணி நேரம். பிறகு பலகையிலிருந்து எங்கள் விமானத்தின் பெயரையே எடுத்துவிட்டார்கள். நூற்றறுபது பேருக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். கம்பெனி நம்பருக்கு ஃபோன் செய்தால் பாட்டு வாசித்தது. ஆளுக்கொரு சாண்ட்விச் என்று சீட்டு கொடுத்தார்கள், அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ள எந்தக் கடைக்காரனும் தயாராக இல்லை. அந்தப் பெண் கழிவறைக்குப் போகும்போது கழுத்திலிருந்த மஞ்சள் ஸ்கார்ஃபை அவிழ்த்துப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள், யாரும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளக் கூடாது என்று.

வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். எங்கே போய் மறுபடி வருவது? பெஞ்சில்தான் படுத்திருந்தோம். மதியம் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். கூட்டமே கைதட்டியது. முக்கால் மணி நேரம் நின்றபடியே இருந்தோம். பஸ் ஓடுபாதையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. விமானம் இன்னும் வந்தே சேரவில்லையாம். வராத விமானத்துக்கு எதற்கு எங்களை ஏற்றினார்கள் என்று டிரைவரைக் கேட்டோம். "ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன். எறக்கச் சொன்னாங்க, எறக்கிட்டேன். நான் என்ன பைலட்டா?" என்றான்.

இதுவரை எழுதியது அவ்வளவும் உண்மை, அக்கா. இதோடு நிறுத்திவிட்டால் நான் நல்லவள், கம்பெனி அயோக்கியக் கம்பெனி என்று ஆகிவிடும். ஊரில் எல்லோரிடமும் நீ அப்படியே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உனக்கு மிச்சத்தையும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வியாழன் நாலு மணிக்கு க்ரீஷா ஃபோன் செய்தான். "அக்சேனியாக்கா, உங்க பிளேன் பறக்கலியாமே. என் வண்டில ஒரு சீட் காலியா இருக்கு. ஹைவே பெட்ரோல் பங்க்ல அஞ்சு மணி வரைக்கும் நிக்கிறேன், ஓடி வாங்க. நாப்பதுக்குக் கொண்டுபோய்ச் சேத்துடறேன்" என்றான். அந்த பங்க் விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம்தான். அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஸின்யோரா, என்னை நம்பாதீங்க. போறதுக்கு வழி இருந்தா போயிடுங்க" என்றாள். அவ்வளவு நல்ல பெண். நான் க்ரீஷாவைக் கூப்பிட்டு, ஆறு மணிக்கு விமானம் நிச்சயம் என்று சொல்லிவிட்டார்கள், நீ கிளம்பு என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. அவன் அப்புறமும் இரண்டு முறை ஃபோன் செய்தான். நான் எடுக்கவில்லை. பார், ஃபோனை எடுக்காமல் விடுகிற பழக்கம் நம் இரண்டு பேருக்கும் இருக்கிறது.

ஏன் போகவில்லை என்று சொல்கிறேன். வரிசையில் எனக்கு முன்னால் ருக்சாண்டா என்று ஒரு பெண். விச்சென்சாவில் கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள், நம் நாட்டில் ஓர்ஹெய் பக்கத்துக்காரி. பெட்டியின் மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே, "ஊர்ல உனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். நான் "அம்மா" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. அவள் விடாமல் கேட்டாள், நானும் சொல்லிக்கொண்டே போனேன். எங்க அம்மா கேட்டுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், கோழிச்சாறு வைத்திருப்பாள், லேட்டானால் திட்டுவாள் என்றேன். ஒவ்வொரு தாமதத்துக்கும் ருக்சாண்டா, "ஐயோ பாவம், அந்தச் சாறு ஆறிப்போயிருக்குமே. அம்மாவுக்கு ஒரு ஃபோன் போடுடி" என்பாள். நானும் அம்மாவின் பழைய நம்பரை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு, "லேட்டாகும்மா, நீ சாப்பிட்டுப் படு" என்றேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலுக்கு நடுவே பேசினேன்.

அந்த வரிசையில் அம்மா உயிரோடு இருந்தாள், அக்கா. க்ரீஷா வண்டியில் ஏறினால் நேரே வீட்டு வாசலில் இறக்கிவிட்டிருப்பான். முக்காலி உள்ளே கிடந்திருக்கும். எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை. விமானம் லேட் என்று சொல்லும்போதெல்லாம் எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன். உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. ஏழு வருஷமாக அவளை நீ தூக்கினாய், குளிப்பாட்டினாய், ஊட்டினாய். கண்ணை மூடிவிட்டதும் நீதான். நான் இங்கே யாரோ ஒருவரின் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அம்மா இல்லாமல் போன வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

சனிக்கிழமை, நாற்பதாம் நாள், காலை பத்து மணி ஆயிற்று. நம் கோயிலில் பாதிரியார் பூசையைத் தொடங்கியிருப்பார், நீ செத்தவர்களுக்குப் படைக்கிற இனிப்புக் கோதுமைத் தட்டைத் தூக்கிப் பிடித்திருப்பாய் என்று நினைத்தேன். கைப்பையைத் திறந்தேன். நாற்பதாம் நாளுக்கென்று சுட்ட ரொட்டியை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், எங்கே இருந்தாலும். கொடுக்கும்போது பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் அது வெறும் ரொட்டிதான், அவளுக்குப் போய்ச் சேராது. எனக்குப் பக்கத்தில் நின்றவள் ருக்சாண்டா. அவளிடம் நீட்டி, "அனீசியாவோட ஆத்மாவுக்காக" என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டாள், ரொட்டியை முத்தமிட்டாள். "யாரு அனீசியா?" என்றாள். "அம்மா" என்றேன். "எப்போ?" என்றாள். "இன்னிக்கு நாப்பது" என்றேன். "அடிப் பைத்தியக்காரி, அப்ப ரெண்டு நாளா யாருகிட்டடி பேசிட்டிருந்தே?" என்று கேட்டுவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதேன். அடக்கத்துக்குக்கூட நான் அழவில்லை, உனக்குத் தெரியுமா? அன்று விமான நிலையத்திலிருந்து திரும்பினால் ஸின்யோராவுக்குக் காய்ச்சல், அழ நேரமில்லை.

அதன்பிறகு வரிசையோடு நடந்து கொடுத்தேன். நம்ம ஜனங்கள்தானே, எல்லோருக்கும் முறை தெரிந்திருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றக் கூடாது என்று காவலாளி சொன்னான், ஏற்றாமலே கையில் பிடித்து நின்றார்கள். அந்தச் சின்னப் பெண் மட்டும், பயணிகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ருக்சாண்டா அவளிடம், "இது அவ குடுக்கிறதில்ல கண்ணு, செத்துப்போன அவங்கம்மா குடுக்கிறது. இதை வேண்டாங்கக் கூடாது" என்றாள். அவள் வாங்கிக்கொண்டு மேசைக்குக் கீழே குனிந்து தின்றாள். காலையிலிருந்து அவளும் பட்டினிதான்.

நாலு மணிக்கு விமானம் நிஜமாகவே வந்தது. ஏறியிருக்கலாம். ஏறவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கு வந்து உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? பெட்டியைத் திருப்பிக் கேட்டேன், அது ஏற்கெனவே ஏறிவிட்டதாம். ஆள் ஏறாமல் பெட்டி போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம், அந்தக் கம்பெனிக்குச் சட்டமாவது ஒன்றாவது. நான் வராத ஊருக்கு என் பெட்டி வந்துவிட்டது. பெட்டிக்குக் கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். யாரையாவது கிஷினாவ் விமான நிலையத்துக்கு அனுப்பி எடுத்துக்கொள். தைலத்தைச் சூடு செய்து தேய்க்க வேண்டும், அப்படியே தேய்த்தால் எரியும்.

கல்லறைக்கு ஈஸ்டருக்குப் பிறகு வருகிறேன், க்ரீஷாவின் வண்டியில். வரட்டுமா என்று கேட்கவில்லை. வருவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

பதினொன்றுதான் கொடுத்தேன். பன்னிரண்டாவதை அன்றைக்கே உன் பங்கென்று எடுத்து வைத்துவிட்டேன், இந்தப் பொட்டலத்தில், வெள்ளைத் துணியில் இருக்கிறது. உன்னிடம் வரும்போது கல்லாகக் காய்ந்திருக்கும், பாலில் ஊறவைத்துச் சாப்பிடு. தங்கை அனுப்பியது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதே. இதை நான் கொடுக்கவில்லை.

அனீசியாவின் ஆத்மாவுக்காக, தோம்னிக்கா, வாங்கிக்கொள்.

உன் கால்களைக் கட்டிக்கொண்டு,
அக்சேனியா