அம்மா கேட்காமல் விட்ட கேள்வி

பிப்ரவரி 9

காலையிலிருந்து ஒரு மாவட்டத்தின் ஆண்டறிக்கைகளோடு மல்லுக்கட்டு. சீனாவில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது அந்த மாவட்டம். நான் அங்கே போனதில்லை. ஆனால் எந்தெந்தக் கிராமத்தில் முதியோருக்குச் சாப்பாட்டுக்கூடம் திறந்தார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். நான் தங்கியிருக்கும் விடுதியில் கீழ் அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால்தான் முழிப்பேன்.

சொந்தக்காரர்களிடம் என் ஆய்வை விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். “சைனாக்காரன் பாஷையைப் படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறே?” என்று பெரியப்பா கேட்டதோடு சரி. இங்கேயாவது சொல்லி வைக்கிறேன். பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், பெற்றவர்கள் கிராமத்தில் தனியாகக் கிடக்கிறார்கள். அவர்களைப் பற்றி அரசாங்கம் என்ன பேசுகிறது, அந்தப் பேச்சு வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறேன். போன வருட அறிக்கையையும் இந்த வருட அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். புதிதாக என்ன வந்திருக்கிறது என்பது பெரிதில்லை. சத்தமில்லாமல் எது காணாமல் போயிருக்கிறது என்பதில்தான் விஷயம்.

இன்று நான் வாய் திறந்து பேசியது ஒரே ஒருமுறை. எதிர் அறைக்காரியிடம், “பால் தீர்ந்துபோச்சு” என்று.

பிப்ரவரி 12, ஞாயிறு

அம்மாவோடு வாராந்தரப் பேச்சு. பேச ஒன்றும் கிடைக்காமல் என் ஆய்வையே எடுத்துவிட்டேன்.

“தனியா இருக்கற அப்பா அம்மாவைப் பிள்ளைங்க அடிக்கடி போய்ப் பாக்கணும்னு அங்க சட்டமே இருக்கும்மா.”

“அடிக்கடின்னா எப்படி? மாசம் ஒருவாட்டியா?”

“அத மட்டும் சொல்லல.”

“அப்ப நீ தப்பிச்சே போ” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு ஒரு வரிகூடப் படிக்க ஓடவில்லை. அந்தச் சட்டத்தில் ‘போய்ப் பார்க்க வேண்டும், அல்லது நலம் விசாரிக்க வேண்டும்’ என்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாக நான் அந்த ‘அல்லது’வில் ஒண்டிக்கொண்டு காலம் தள்ளுகிறேன்.

பிப்ரவரி 13

நேற்று அம்மா “எப்ப வர்றே?” என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்றும் கேட்கவில்லை. போனை வைக்கப்போகும் நேரத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்தேன். “அப்புறம்மா?” “அவ்வளவுதான். உடம்பப் பாத்துக்கோ.” டொக்.

எப்போது நின்றது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. முன்பெல்லாம் அந்தக் கேள்வி இல்லாமல் பேச்சு முடியாது. அவள் கேட்பாள், நான் “அடுத்த மாசம் பாக்கலாம்மா” என்பேன். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல.

வீடியோவும் நின்றுவிட்டது. பொங்கிவரும் பாலைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் முகம் பார்க்க முடியவில்லை என்றாள் ஒருநாள். அப்புறம், “வீடியோ எதுக்கு, சும்மாவே பேசேன்” என்றாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. தலை வாரியிருக்க வேண்டாமே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

ஊர்பேர் தெரியாத அதிகாரி எழுதிய அறிக்கையில் ஒரு சொல் விழுந்தால் மறுநாளே கண்டுபிடிக்கிறேன். பெற்றவள் பேச்சில் விழுந்தது தெரிய இத்தனை காலம். நல்ல ஆராய்ச்சி.

கோபமா? உடம்புக்கா? இல்லை, இவள் இனி வரமாட்டாள் என்று கைகழுவிவிட்டாளா? மூன்றாவதைத்தான் மனம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னை யாரும் எதிர்பார்க்காத வீடு ஒன்று அங்கே இருக்கிறது என்றால், பிறகு எனக்கு எங்கேதான் வீடு?

பிப்ரவரி 22

அக்காவுக்குப் போன் போட்டேன். அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவள். எல்லாம் அவள் தலையில்தான்.

“அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லாத்தான் இருக்கா. நீ உன் படிப்பப் பாரு.”

ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக்காட்டினாளா? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

மார்ச் 1

பேராசிரியர் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த மாவட்டத்தின் ஆண்டறிக்கையில் ‘பிள்ளைகள் பிரிந்த முதியோர்’ என்ற சொல் ஒரு வருடம் திடீரென்று இல்லை. அரசாங்கம் பிரச்சினையை மூடி மறைக்கிறது என்று அத்தியாயம் முழுக்க வரிந்துகட்டிக்கொண்டு எழுதியிருந்தேன். எனக்கே பிடித்த அத்தியாயம்.

“இல்லேன்னா ஒளிச்சிட்டாங்கன்னு உடனே முடிவு கட்டிடறீங்க. பொறுப்பு வேற அலுவலகத்துக்குப் போயிருக்கலாம் இல்லையா? அவங்க அறிக்கையைப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். அந்தச் சொல் அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது, பக்கம் பக்கமாக. ஒளியவில்லை, வீடு மாற்றிக்கொண்டு போயிருக்கிறது.

அத்தியாயம் அம்போ.

மார்ச் 3

பொதுச் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். எதிர் அறைக்காரி வந்து குழாயை மூடினாள். அவள் சீனாக்காரிதான். படிப்பது வேதியியல், என் ஆய்வைக் கேட்டால் கொட்டாவி விடுவாள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் அத்தியாயத்தையும் அம்மாவையும் கலந்துகட்டிச் சொன்னேன். அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“அந்த அறிக்கை எழுதினவங்கள உன்னால கேக்க முடியாது. அதனால துருவித்துருவிப் படிக்கறே. உங்க அம்மாகிட்டதான் போன் இருக்கே?”

“உங்க அம்மா கேப்பாங்களா?”

“தினமும். அதனாலதான் ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி எடுக்கறேன்.”

இருவரும் சிரித்தோம். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் சமையலறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மார்ச் 5, ஞாயிறு

கேட்டுவிட்டேன். எடுத்த எடுப்பில், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல்.

“ஏம்மா, எப்ப வர்றேன்னு இப்பல்லாம் கேக்கவே மாட்டேங்கறே?”

அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தம். அப்புறம் அதுவும் நின்றது.

“கேட்டா அடுத்த மாசம்ங்கறே. அது பொய்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாராவாரம் பெத்த பொண்ணப் பொய் சொல்ல வைக்கணுமாடி? அதான் விட்டுட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைத்தேன் என்பதுபோலச் சொன்னாள். கோபமாய் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

உண்மையைச் சொன்னேன். “இந்த வருஷம் வர முடியாதும்மா. எழுதினது திரும்பி வந்துடுச்சு. செப்டம்பருக்குள்ள கொடுக்கணும். இங்க எனக்குப் பேசக்கூட ஆளில்ல. ஆனாலும் வர முடியாது.”

“சரி. இப்படிச் சொல்லு. இது போதும்.”

நான் என் முறையை முடித்துவிட்டேன், இனி அவள் முறை என்பதுபோல அவளும் சொன்னாள். வலது கண் சுத்தமாகத் தெரியவில்லையாம். புரை. இன்னொன்றும் மங்கல். வீடியோவில் என் முகம் வெறும் வெளிச்சமாகத் தெரிகிறதாம். “ஏன் எங்கியோ பாத்துப் பேசறேன்னு நீ கேட்டுடுவியோன்னுதான் வேணாம்னேன்.” அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை.

“பயமா இருக்காம்மா?”

“இருக்காதா பின்னே? கண்ணுல கத்தி வைக்கப்போறாங்க.”

அம்மா பயப்படுவாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பேசினோம். இத்தனை வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை. வைத்தபிறகு தனிமை குறையவில்லை. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இப்போது இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 6

டிக்கெட் எடுத்துவிட்டேன். நேற்றுச் சொன்ன உண்மை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

“செப்டம்பர் தள்ளிப்போகும். உதவித்தொகையும் அதோட நின்னுடும். யோசிச்சுட்டீங்களா?” என்றார் பேராசிரியர். யோசித்துவிட்டேன் என்றேன். யோசிக்கவில்லை. யோசித்தால் போகமாட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

அம்மா வீடு. உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் இடம் மாறியிருக்கிறது. கைக்கு எட்டுகிற தூரத்தில், தடவி எடுக்கிற மாதிரி. நான் உதவிக்குப் போய் டம்ளரை வேறு பக்கம் வைத்துவிட்டேன். அம்மா அதைத் தேடித் தேடி, கடைசியில் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

அக்கா வந்தாள். “வந்துட்டியா?” என்றாள். ஆஸ்பத்திரி ஃபைலை என் மடியில் போட்டுவிட்டு, எந்தச் சொட்டு மருந்து எப்போது என்று கடகடவென்று சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. “நீ போய்த் தூங்குக்கா” என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

விருந்தாளிக்குக் கொடுக்கும் புதுத் துண்டு எனக்கு.

மார்ச் 15

முடிந்தது. நல்லபடியாக என்றார் டாக்டர்.

மத்தியானம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கண்ணில் கட்டு. சாப்பிட்டதும் படுத்துக்கொண்டாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூன்றாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து எழுதிப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது. “பெரியவளே, தண்ணி.”

எழுந்து போய்க் கொண்டுவந்தேன். தலையைத் தாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரை விட்ட கையால் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “உனக்குத்தான்டி எவ்வளவு கஷ்டம்” என்றாள். நான் அக்கா இல்லை என்று சொல்லவில்லை. அப்படியே தூங்கிவிட்டாள்.

பிடி இன்னும் விடவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கண்டபடி கோணுகிறது.