ராஜகம்பீரத்தின் மூக்கு

அன்பு மகளுக்கு, உன்னைப் பெறாத அப்பனாகிய சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அப்பா, நான், முனகிக்கொண்டே சுற்றும் கலவை இயந்திரம், மூவரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன், படித்து முடித்த பிறகு எப்படி இருப்பாயோ தெரியாது.

நம் 'ராஜகம்பீரம்' ஷேவிங் லோஷனின் சரித்திரம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். குளியலறை வாளியில் பிறந்து, மூன்று சலூன்களை வென்று, பிறகு முந்நூறு சலூன்களை மண்டியிட வைத்த சாம்ராஜ்யம் அது. நடுவில் நான் கண்டுபிடித்த மீசை மெழுகு ஒரு மனிதரின் இரண்டு உதட்டையும் சேர்த்து ஒட்டி அவர் மனைவிக்கு அரைநாள் நிம்மதி தந்தது, அந்தப் பெருமையை வரலாறு மறைத்துவிட்டது. மற்றதெல்லாம் உன் அப்பாவின் மூக்கு போட்ட சோறு. எழுதிவைத்த அளவு கிடையாது, கன்னத்தில் தடவி முகர்ந்து, இன்னும் ரெண்டு சொட்டு விடுடா என்பார், அவ்வளவுதான்.

ஒரு வருஷமாகப் பாட்டில்கள் திரும்பி வருகின்றன. என்னங்க, தரை துடைக்கிற வாடை அடிக்குது என்று ஒரு சலூன்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அண்ணனிடம் நான் சொல்லவில்லை. போன வாரம் குறும்பு தலைக்கேறி, வாசனை ஒரு சொட்டும் விடாமல் வெறும் ஸ்பிரிட்டில் நிறத்தைக் கலந்து நீட்டினேன், திட்டு வாங்கிச் சிரிக்கலாமென்று. தடவினார், கண்ணை மூடி முகர்ந்தார், எலுமிச்சை கொஞ்சம் தூக்கலா இருக்குடா, குறை என்றார். சரிண்ணே என்றேன். பின்கட்டுக்குப் போய்க் காலி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டேன் அம்மாடி. அவருக்கும் தெரியும். முன்பெல்லாம் முகர்ந்தவுடன் பேசுவார், இப்போது முதலில் என் முகத்தைப் பார்க்கிறார். தனியாக டாக்டரிடம் போய்வந்த சீட்டு அவர் சட்டைப்பையில் கிடந்தது, முகரும் சக்தி இனித் திரும்பாதாம்.

மூடிவிடலாம் என்று நான் சொன்னால் ஏன் என்பார், என் மூஞ்சி என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நீ வந்து எடுத்து நடத்துவாய் என்றுதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதனால் நீ கூப்பிட்டு, எனக்கு வேண்டாம்ப்பா, நான் வரமாட்டேன், மூடிடுங்க என்று சொல்லிவிடு. நன்றி கெட்டவள் என்பார், மாதக்கணக்கில் பேசமாட்டார், தாங்கிக்கொள். மகள் கைவிட்டதால் மூடினேன் என்று அவர் ஊர் முழுக்கத் திட்டிக்கொண்டே தலைநிமிர்ந்து நடக்கலாம். உனக்கு உண்மையிலேயே வரும் எண்ணம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் இதை எழுதக் கை வராது.

நூறு வருஷம் பத்தாது, இருநூறு வருஷம் குறையில்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. சொல்லும்போது மட்டும் குரல் உடையாமல் பார்த்துக்கொள், காது அவருக்கு நன்றாகவே கேட்கிறது.

இப்படிக்கு,
சாம்ராஜ்யத்தில் மிச்சமிருக்கும் ஒரே தளபதி,
உன் சித்தப்பா