பால்கனித் தக்காளி

என்னங்க,

வெண்டைக்காய் வதக்கி மூடி வச்சிருக்கேன். என் மேல இருக்கிற கோபத்தை அது மேல காட்டாம முழுசா சாப்பிடுங்க. உங்க பால்கனிச் செடி ஒண்ணும் காய்க்காதுன்னு நேத்து சொன்னேன். அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் படுத்துட்டீங்க.

காலையில பார்த்தா, பழுத்த தக்காளி! கடை ஸ்டிக்கரோட, வெள்ளை நூல்ல தொங்குது. ஸ்டிக்கரை நான் பிச்சுட்டேன்.

மதியம் உங்க அக்கா வர்றாங்க, நீங்க ஃபோன்ல அளந்துவிட்ட தோட்டத்தைப் பார்க்க. எட்ட நின்னே காட்டுங்க. பறிக்க மட்டும் விட்டுடாதீங்க.

சாவி செருப்பு ஸ்டாண்ட் மேல இருக்கு.

பி.கு.: ஒத்தைத் தக்காளி பார்க்கப் பாவமா இருந்துச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்து இன்னும் ரெண்டு எடுத்து நானும் கட்டியிருக்கேன். உங்களோடதையும் பச்சை நூலுக்கு மாத்திட்டேன்.