விழுந்தால் ஒன்றும் ஆகாத புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

காற்று அதிகம் என்று காலையிலேயே கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை ஏணியில் இறங்கினால் மறுபடி ஏற முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் மேலே கேபினிலேயே உட்கார்ந்திருந்தேன். வாக்கிடாக்கியில் சின்னவன், "அண்ணி, தூங்கிடாதீங்க. நீங்க விடுற குறட்டை எல்லா செட்லயும் கேக்கும்" என்றான். வீட்டில் எனக்குக் கொழுந்தன், சைட்டில் தளத்தில் நின்று எனக்கு சிக்னல் கொடுப்பவன். இரண்டு இடத்திலும் வாய் மூடாது.

தூங்கவில்லை. அவன் மனைவி என் போனில் ஏற்றிக் கொடுத்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் திரை. குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. கோட்டின் மேல் ஓடுகிற ஒரு புள்ளி. கோடு அறுந்து பள்ளம் வந்தால் கட்டை விரலால் ஒரு தட்டு, புள்ளி தாவிவிடும். அவ்வளவுதான். பாட்டு இல்லை, பரிசு இல்லை, முடிவும் இல்லை.

போனைக் கீழே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இன்றைக்குத்தான் வேலையே இல்லையே என்று —

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கு வேலை இருந்தது. போனும் மேலே வந்தது.

மார்ச் 10, திங்கள்

"அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று சாப்பிடும்போது கணவர் கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஒன்றும் இல்லாததுதான் அதில் இருக்கிறது.

நாள் முழுக்க என் காதில் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மேலே, கீழே, இடது, நிறுத்து, மெதுவா, இன்னும் மெதுவா. என் கொக்கியில் தொங்குவது சில சமயம் ஒரு லாரி கனம். அதன் கீழே ஆட்கள். என் வேலையில் எதுவும் விழக் கூடாது, ஒரு ஆணிகூட. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இந்த ஒரே பயத்தோடுதான் ஏணி ஏறுகிறேன். அந்தப் புள்ளி விழுந்தால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. திரை ஒரு தடவை கண் சிமிட்டுகிறது, புள்ளி மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. யாரும் கத்தவில்லை, யாரும் ஓடி வரவில்லை. முதல் தடவை அப்படி விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? பைத்தியம் என்பார்.

ஒரு லோடுக்கும் அடுத்த லோடுக்கும் நடுவில் மட்டும்தான் ஆடுகிறேன். கொக்கியில் எதுவும் இல்லாதபோது மட்டும். அதில் கறாராக இருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக ஒரு நீளமான சுவர் ஓடியது. நடுநடுவே கேட். ஒவ்வொரு கேட்டுக்கும் என் கட்டை விரல் கைப்பையின் வாரைத் தட்டிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டு அம்மா பார்த்ததும்தான் எனக்கே தெரிந்தது. சிரித்துவிட்டேன்.

இறங்கி நடக்கும்போது ஒன்று தோன்றியது, அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. கேபினில் இடது லீவரின் தலையில்தான் ஹாரன் பட்டன். என் இடது கட்டை விரல் நாள் முழுக்க அதன் மேலேதான் கிடக்கிறது. ஒரு தடவை ஹாரன் அடித்தால் எங்கள் சைட்டில் ஒரே அர்த்தம்: கேள்வி கேட்காமல் விலகு.

நான் ஆடுவதும் இடது கையால்தான்.

மார்ச் 14, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மேல் தளத்துக்குக் கம்பிக் கட்டு ஏற்றினேன். சின்னவனும் இரண்டு கம்பிக்காரர்களும் அவசரத்தில், லோடு இறங்கும் இடத்தைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். லோடு இடுப்பளவு இறங்கும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும். யாரும் செய்வதில்லை. நல்ல வெயில். வெளுத்த காங்கிரீட்டில் கொக்கியின் நிழல், ஒரு கறுப்புப் புள்ளி, நேராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே லிஃப்ட் குழி, சதுரமாக, கறுப்பாக.

நிழல் குழியின் விளிம்புக்கு வந்தது. விரல் தட்டிவிட்டது.

ஹாரன். மூன்று பேரும் பின்னால் பாய்ந்தார்கள். அந்த நிமிஷம் கட்டு ஒரு பக்கம் சரிந்து, கம்பிகள் உருவிக்கொண்டு, அவர்கள் நின்ற இடத்திலேயே — அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. கீழே ஒருவன் கம்பிக் கட்டைத் தூக்கும் பெல்ட்டை இறுக்கிச் சுற்றாமல் வெறுமனே மாட்டி அனுப்பியிருக்கிறான்.

நான் இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். சின்னவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். பேச்சு வரவில்லை அவனுக்கு. அவனுக்கே பேச்சு வரவில்லை.

இன்ஜினியர் கேட்டார்: "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? என்ன பாத்தீங்க?"

"கட்டு லேசா சாஞ்ச மாதிரி இருந்துச்சு சார்."

பாக்கல. நான் எதையுமே பாக்கல. லோட பாக்க வேண்டிய கண்ணு நெழல பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் எப்படி வந்துச்சு எனக்கு?

மார்ச் 15, சனி

சின்னவன் மனைவி வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, உங்களாலதான் இவரு வீட்டுக்கு வந்தாரு" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய? போகும்போது, "அந்த விளையாட்டு பிடிச்சிருக்கா அக்கா?" என்று கேட்டாள். காபி போடுகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

சைட் கேட்டில் என் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டு, திருடியைப் போல் முழிக்கிறேன். அடியில் பெரிய எழுத்தில்: "இவர் கண்ணே நம் காவல்." போகிற வருகிறவர்கள் எல்லாம் எனக்கு ஒரு சலாம் போடுகிறார்கள்.

விளையாட்டை அழித்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி ஏற்றிவிட்டேன். அழித்த பிறகுதான் விரல் இன்னும் அதிகமாகத் துடிக்கிறது. சோறு பிசையும்போதுகூட. ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கியது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இன்று பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது.

பலகைக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சின்னவன் கோட்டுக்கு வெளியே நிற்கவில்லை. உள்ளேயும் நிற்கவில்லை. நேராக லோடின் அடியில் நடந்து அந்தப் பக்கம் போனான், வீட்டில் கூடத்தைக் கடப்பது போல. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லோடை அப்படியே நிறுத்தினேன். "வெளிய போ தம்பி" என்றேன்.

வாக்கிடாக்கியில் சிரிப்பு. "மேல நீங்க இருக்கறப்போ எனக்கு என்ன அண்ணி? உங்க கண்ணு ஒண்ணு போதும்."

அவனைப் பார்த்துக் கம்பிக்காரர்களும் அடியில் வந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டான். அன்றைக்காவது மஞ்சள் கோடு என்று ஒன்று இருந்தது. இப்போது கோட்டுக்குப் பதிலாக நான் இருக்கிறேன். இல்லாத என் கண் இருக்கிறது. அதை நம்பி நடக்கிறான் அவன்.

எவ்வளவு நேரம் "வெளியே போ" என்று கத்தினேன் தெரியவில்லை. கடைசியில் போனான், சிரித்துக்கொண்டேதான்.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் யோசிக்கிறேன். சாயங்காலம் முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சின்னவன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். போனை எடுத்து விளையாட்டையே காட்டினேன். நிழலைச் சொன்னேன், குழியைச் சொன்னேன், விரலைச் சொன்னேன்.

முதலில் சிரித்தான். "சும்மா வெளயாடாதீங்க அண்ணி."

பிறகு என் முகத்தைப் பார்த்தான். "அப்போ நீங்க எதையும் பாக்கல."

"இல்ல."

"ஹாரன் அடிக்கணும்னும் நெனைக்கல."

"இல்லப்பா."

அவன் புள்ளி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேருமே தொடவில்லை. அது போய்ப் பள்ளத்தில் விழுந்தது, மறுபடி ஓடியது, மறுபடி விழுந்தது.

"எங்கப்பா செத்த அப்புறம் நான் யாரையும் இப்படி நம்பினது இல்ல" என்றான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தான். "இனிமே உங்கள நம்பி நிக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் சொன்னேன்" என்றேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

இன்ஜினியரிடமும் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார், பெருமையாகவா எரிச்சலாகவா என்று பிடிபடவில்லை. கொஞ்ச நாள் கிரேன் ஏறக் கூடாது, கீழே ஸ்டோரில் இருக்க வேண்டும். அதன் பிறகு பார்க்கலாமாம்.

விளையாட்டை அவர் எதிரிலேயே அழித்தேன். கேட்டில் போட்டோ இல்லை. டேப் ஒட்டிய தடம் மட்டும் நான்கு மூலையிலும் இருக்கிறது.

மார்ச் 29, சனி

சின்னவன் வீட்டுக்கு வந்தான். அண்ணனோடு பேசிவிட்டுப் போனான். அவன் மனைவியும் தன் போனிலிருந்து அந்த விளையாட்டை எடுத்துவிட்டாளாம். கணவர் சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று மறுபடி மேலே. முழங்கால் பாதி ஏணியிலேயே கெஞ்ச ஆரம்பித்தது.

நான் கேட்டுக்கொண்டபடி மெக்கானிக் ஹாரனைக் கால் மிதிக்கு மாற்றியிருக்கிறார். லீவரின் தலையில் பட்டன் இருந்த ஓட்டையை ஒரு ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கிறார். போன் லாக்கரில் இருக்கிறது. சாவியையும் கீழே கொடுத்துவிட்டேன்.

இன்றும் சின்னவன்தான் சிக்னல். "ஆப்பரேட்டர், மேல. நிறுத்து. இடது." அண்ணி இல்லை, குறட்டை இல்லை. ஒரு வார்த்தை அதிகம் இல்லை.

கம்பிக் கட்டு போனது. வெயில் அன்றைக்கு அடித்தது போலவே அடித்தது. நான் நிழலைப் பார்க்கவில்லை, கம்பிக் கட்டை மட்டும்தான் பார்த்தேன், பெல்ட்டை, முடிச்சை, கம்பியின் நுனியை. இருந்தாலும் ஓரக்கண்ணில் ஏதோ கறுப்பாக வந்தது. விரல் ரப்பர் மூடியை ஒரு தடவை அமுக்கிவிட்டது.

சத்தம் வரவில்லை. கீழே யாரும் அசையவில்லை. சின்னவன் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, நல்ல தூரம் தள்ளி, லோடை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.