வாசலில் இருந்த உன் ஷூ

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதலாம்தான், ஆனால் எல்லாரும் என்று சொல்ல இந்த வீட்டில் ஆள் வேண்டுமே. போனில் சொன்னால் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவைச் சேர்த்திருக்கும் முதியோர் இல்லத்துக்குப் பஸ் கிடையாது. கம்ப்யூட்டரில் படம் பார்த்து அந்த இடத்தைப் பிடித்தது நீதான். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு என் முகம் ஒருநாள் தெரிகிறது, ஒருநாள் தெரிவதில்லை, நம் பழைய காரின் சத்தம் மட்டும் தெரிகிறது. டிரைவிங் ஸ்கூல் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முதல் தடவை அங்கே ஓட்டிப் போனபோது, ஜன்னல் பக்கம் திரும்பி "வந்துட்டா" என்றாராம், நர்ஸ் சொன்னாள். அதற்காகத்தான் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று இந்த வயதில் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் பிரேக் டீச்சர், வாயைத் திறந்தால் "பிரேக்மா, பிரேக்" தான். நீயோ அந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலை என்கிறாய்.

இன்ஷூரன்ஸ் எடுக்கப் போன் செய்தபோது அந்த ஆள் வீட்டில் யார் யார் என்று கேட்டான். நீ வெளிநாடு கிளம்பிய அன்று உன் ஷூவை வாசலில் வைத்து, "யார் கேட்டாலும் பையன் உள்ள தூங்குறான்னு சொல்லு, தனியா இருக்கேன்னு மட்டும் சொல்லிடாத" என்று சொல்லிப் போனாயே, கேஸ் சிலிண்டர்காரரிடமும் தபால்காரரிடமும் சொல்லிச் சொல்லி அது என் வாயில் ஊறிவிட்டது. அவனிடமும் பையன் இருக்கிறான் என்றேன். எல் போர்டு, அதுவும் கிழட்டு வண்டி என்றால் கம்பெனி யோசிக்கும், முக்கியமாக ஓட்டுவது மகன் என்று போட்டால் சுலபம் என்றான். ஆமாம் என்றுவிட்டேன். உன்னிடமும் சொன்னேன், "சரிம்மா சரிம்மா" என்றாய், எதற்குச் சரி என்று யோசித்தாயா?

போன மாதம் அந்த இல்லத்தின் கேட் தூணில் இடித்துவிட்டேன். டீச்சர் பிரேக் என்று கத்த, என் கால் ஆக்ஸிலேட்டரில். காரின் மூக்கு நசுங்கியது, தூணும் சாய்ந்தது. கம்பெனியிலிருந்து சேதம் பார்க்க வீட்டுக்கு வந்தவர், மரியாதையான மனிதர், வாசலில் ஷூவைப் பார்த்துவிட்டு "பையன் இருக்கார் போல, கொஞ்சம் கூப்பிடுங்கம்மா" என்றார். தூங்குகிறான் என்றேன். "பரவால்ல, எழுப்புங்க, நான் இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வந்தது. வெளியே வந்தால் அவர் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே சிலந்தி கூடு கட்டியிருந்தது. அவர் நிமிர்ந்து, பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பையன் இங்க இல்லீங்க, வருஷக்கணக்கா இல்ல" என்று நானே சொல்லிவிட்டேன். பொய் சொல்லி எடுத்ததென்று பாலிசியை ரத்து செய்துவிட்டார்கள்.

ஒரு இடத்தில் ரத்தானால் மற்ற கம்பெனிக்காரர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கார் ஷெட்டில் நிற்கிறது. டாக்ஸியில் போனால் அப்பா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, யாரோ ஒருத்தி வந்த மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உன் மேல் எனக்குக் கோபம்தான், மூடி மறைக்க மாட்டேன். பெற்றவளுக்குத் துணையென்று ஒரு ஜோடி ஷூவை வைத்துவிட்டுப் போனாய், நானும் அதை வைத்துக்கொண்டே இத்தனை நாள் குப்பை கொட்டினேன்.

நேற்று ஒரு சின்னக் கம்பெனி ஒத்துக்கொண்டது, அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். போனில் பேசிய பெண் வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்களா என்று கேட்டாள். "இல்லம்மா, நான் தனியாத்தான் இருக்கேன்" என்றேன். எனக்கு நாக்குக் கூசவில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மறக்காதே, புதுப் பாலிசியில் உன் பெயர் இல்லை, வந்தால் நீ காரை ஓட்டக் கூடாது. நான் இன்னும் எல் போர்டுதான், லைசென்ஸ் உள்ள ஒருவர் என் பக்கத்தில் உட்கார வேண்டும், அதற்கு வரலாம். அப்பா இருக்கும்போதே வா. காலில் எதையாவது போட்டுக்கொண்டு வா, வாசலில் இருந்ததைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தனியாக இருக்கும்
உன் அம்மா